ஊரை விட்டுப் போனவர்களும் உடன் எடுத்துப் போனதும்

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி, சுண்ணாம்புக்குளத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தம்பிகள் ஒரு கேள்வியைக் கொடுத்து, அதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார்கள். "மதம் மாறினால் சாதி போகுமா? ஊரை விட்டுப் போனால் சாதி போகுமா?" இதுதான் கேள்வி. ஏரி வற்றி, மீன் குறைந்து, பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிற காலத்தில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். ஆனால் கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்குகிறேன்.

1936ஆம் ஆண்டு லாகூரில் ஒரு மாநாட்டில் பேசுவதற்காக அண்ணல் ஓர் உரை எழுதினார். மாநாட்டை நடத்தியவர்களே அந்த உரைக்குப் பயந்து மாநாட்டை ரத்து செய்தார்கள். அண்ணல் தன் சொந்தக் காசில் அதைப் புத்தகமாகப் போட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அதைப் பெரியார் தமிழில் கொண்டுவந்தார். அந்த உரையில் ஒரு வாதம் வருகிறது. அரசியல் புரட்சிக்கு முன்னால் சமூகப் புரட்சியோ சமயப் புரட்சியோ நடந்திருக்கிறது என்கிறார். புத்தர் செய்த மாற்றத்துக்குப் பிறகுதான் சந்திரகுப்தனின் ஆட்சி வந்தது என்கிறார். அதே இடத்தில் அமெரிக்காவைச் சொல்கிறார். பியூரிட்டன்கள் என்ற மத எதிர்ப்பாளர்கள்தான் புதிய உலகத்தை அமைத்தார்கள், அமெரிக்க விடுதலைப் போரில் வென்றதும் அந்த உணர்வுதான் என்று சொல்கிறார்.

அந்தப் பியூரிட்டன்கள் யார்? அவர்கள் ஊரை விட்டுப் போய் என்ன செய்தார்கள்? நம்முடைய கேள்விக்கு அவர்கள் கதையில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதில் இந்த ஏரிக்கரையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் அன்று திருச்சபைக்குத் தலைவர் அரசர். எப்படிக் கும்பிட வேண்டும், எந்தப் புத்தகத்தை வைத்து ஜெபம் சொல்ல வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலுக்கு வராதவனுக்கு அபராதம். தனியாகக் கூடி வழிபட்டால் சிறை. 1593இல் ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட் என்ற இரண்டு பேரைத் தூக்கிலேயே போட்டார்கள். அரசரின் திருச்சபையைவிட்டு நாங்கள் விலகுகிறோம் என்று எழுதியதும் பேசியதும்தான் அவர்கள் செய்த குற்றம்.

திருச்சபைக்குள்ளேயே இருந்து அதைச் சுத்தப்படுத்த வேண்டும் என்றவர்களுக்குப் பியூரிட்டன்கள் என்று பெயர். தூய்மைவாதிகள் என்று தமிழில் சொல்லலாம். தூய்மை என்று யாராவது சொன்னாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். யாரைத் தள்ளி வைக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அவர்கள் தூய்மை என்று சொன்னது பைபிளில் இல்லாத சடங்குகளை நீக்குவதை. ஆனால் நம் சந்தேகமும் வீண் சந்தேகம் இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தத் திருச்சபை இனித் திருந்தாது, வெளியே போய்விடுவோம் என்றவர்கள் இன்னொரு பிரிவு. அவர்களில் ஸ்குரூபி என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு கூட்டம் 1608இல் கடல் தாண்டி ஹாலந்துக்குத் தப்பியது. அடுத்த ஆண்டு லெய்டன் நகரத்தில் குடியேறியது. ஹாலந்தில் அவரவர் மனசாட்சிப்படி வழிபடலாம் என்று விட்டிருந்தார்கள். வந்தவர்கள் துணி நெய்தும் கூலி வேலை செய்தும் பிழைத்தார்கள். பின்னாளில் பிளிமத் காலனியின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டுகூட அங்கே நெசவாளிதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி இருந்துவிட்டு, 1620இல் அவர்களில் ஒரு பகுதியினர் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனார்கள். கப்பலில் 102 பயணிகள். முதல் குளிர்காலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் செத்துப்போனார்கள்.

இந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் நம்பிக்கையை அரசன் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லி, வீடு வாசலை விட்டு, பிள்ளை குட்டிகளோடு கடலில் இறங்குவது சின்னக் காரியம் இல்லை. கடல் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

இப்போது லெய்டனிலிருந்து நம் ஏரிக்கு வாருங்கள். அந்த நெசவாளிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார்களே ஹாலந்துக்காரர்கள், அவர்கள்தான் அதே ஆண்டுகளில் நம் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1610இல் விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கினார்கள். 1613இல் கோட்டை எழுந்தது. கெல்ட்ரியா கோட்டை. அவர்களின் கல்லறைத் தோட்டத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம், மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய கல்லெல்லாம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறோம். துணி வியாபாரம் செய்தார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறோம். துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பதைச் சொல்வதில்லை. 1622-23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு. பஞ்சம் வந்தபோதெல்லாம் அந்த வியாபாரம் பெருகியது.

பஞ்சத்தில் யார் முதலில் விற்கப்படுவார்கள்? களத்து நெல்லில் உரிமை உள்ளவனா, களத்தில் அடிபட்டு உழைத்தவனா? பண்ணைக்குப் படியாளாகப் பிறந்து, பண்ணைக்குப் படியாளாகச் சாகிற முறை இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1843இன் ஐந்தாம் சட்டம் வரும்வரை அதைக் கேட்க எந்த நீதிமன்றமும் இல்லை. உள்ளூரில் ஏற்கெனவே மனிதனை உடைமையாக வைத்திருந்த சமூகத்தில், கப்பலோடு வந்தவனுக்கு ஆள் வாங்குவது கடினமாக இருந்திருக்குமா?

லெய்டனில் மனசாட்சிக்கு மரியாதை, பழவேற்காட்டில் மனிதனுக்கு விலை. ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே ஆண்டுகள்.

சரி, அமெரிக்கா போனவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் இறங்கிய இடம் ஆளில்லாத இடம் இல்லை. பட்டுக்ஸெட் என்ற பூர்வகுடிகளின் ஊர் அது. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த நோய் 1616 முதல் 1619 வரை அந்தக் கரையில் ஊர் ஊராக மனிதர்களை அழித்திருந்தது. திருத்திய வயல் அப்படியே கிடந்தது. உழுதவர்கள் இல்லை. அந்த ஊரில் மிஞ்சியவர் டிஸ்குவாண்டம் என்ற ஒருவர். அவரும் ஏன் மிஞ்சினார்? 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்பெயினில் விற்றிருந்தான். தப்பி ஊர் திரும்பியபோது ஊரே இல்லை. அவர்தான் வந்தவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக் கொடுத்தார்.

1630இலிருந்து பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து மாசச்சூசெட்ஸ் பக்கம் வந்தார்கள். இவர்கள்தான் பெரும்பாலும் பியூரிட்டன்கள். ஊர்க்கூட்டம் போட்டுத் தங்களைத் தாங்களே ஆண்டார்கள். ஆனால் 1631இல் ஒரு விதி செய்தார்கள். திருச்சபை உறுப்பினராக ஏற்கப்பட்ட ஆணுக்கு மட்டுமே ஓட்டு. அரசரின் கோயிலுக்கு வராததால் அபராதம் கட்டியவர்கள், தங்கள் கோயிலில் சேராதவனுக்கு ஓட்டு இல்லை என்றார்கள்.

ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர், மனசாட்சி விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது, பூர்வகுடிகளிடம் வாங்காமல் நிலத்தை எடுக்கக் கூடாது என்றார். அவரை வெளியேற்றினார்கள். ஆன் ஹட்சின்சன் என்ற பெண், தன் வீட்டில் கூட்டம் கூட்டிப் போதகர்களின் பிரசங்கத்தை அலசினார். ஒரு பெண் ஆண்களுக்குப் போதிப்பதா என்று விசாரணை வைத்து அவரையும் விரட்டினார்கள். குவேக்கர்கள் என்ற பிரிவினர் வந்தபோது சாட்டையால் அடித்தார்கள், காதை அறுத்தார்கள், திரும்பி வந்தால் மரணம் என்று சட்டம் போட்டார்கள். 1659க்கும் 1661க்கும் இடையில் பாஸ்டனில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள். அதில் ஒருவர் மேரி டயர் என்ற பெண். பாரோவையும் கிரீன்வுட்டையும் இங்கிலாந்தில் தூக்கிலிட்டு எழுபது ஆண்டுகூட ஆகவில்லை.

பூர்வகுடிகளுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1637இல் பீக்காட் மக்களின் ஓர் ஊரைச் சுற்றி வளைத்துத் தீ வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் வெந்து செத்தார்கள். பிடிபட்டவர்களில் சிலரைக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவுகளில் விற்று, வருகிறபோது அதே கப்பலில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். 1641இல் 'உரிமைகளின் தொகுப்பு' என்று ஒரு சட்டம் எழுதினார்கள். பேரைப் பாருங்கள், உரிமைகளின் தொகுப்பு. அதில் போரில் பிடிபட்டவர்களையும், விற்கப்பட்டு வருகிற அந்நியர்களையும் அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அந்நியர் என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே இருப்பவனுக்கு உரிமை, அந்நியனுக்குச் சங்கிலி.

இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இந்த நூலின் ஒரு முனை சென்னைக் கோட்டையில் கட்டியிருக்கிறது. தியோஃபிலஸ் ஈட்டன் என்ற பியூரிட்டன் தலைவர் நியூ ஹேவன் என்ற காலனியை அமைத்தார். அவருடைய மனைவிக்கு முதல் கணவர் வழியில் பிறந்த மகன் டேவிட் யேலும் அவர்களோடு கடல் தாண்டிப் போனார். அந்த டேவிட்டின் மகன் எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. வளர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து 1672இல் சென்னை வந்தார். 1687இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். அவர் தலைமையில் கோட்டையிலிருந்து அடிமைகள் ஏற்றுமதியானார்கள். ஐரோப்பா போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகள் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு இருந்தது. சென்னையில் சம்பாதித்த பெருஞ்செல்வத்தோடு அவர் இங்கிலாந்து திரும்பினார். 1718இல் நியூ ஹேவனில் கட்டப்பட்டுவந்த ஒரு கல்லூரிக்கு 9 பொதி சரக்கும், 417 புத்தகங்களும், அரசர் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றுக் கட்டடத்துக்குப் பயன்படுத்தினார்கள். நன்றிக்கு அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். பியூரிட்டன் வழிவந்த போதகர்கள், போதகர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய கல்லூரி அது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. நம் கரையிலிருந்து கப்பலேறியவர்களின் பெயர்களோ எந்தக் கட்டடத்திலும் இல்லை.

அப்படியானால் அண்ணல் சொன்னது தவறா என்று ஒரு தம்பி கேட்கலாம். தவறில்லை. அதே 1688ஆம் ஆண்டில், எலிஹு யேல் சென்னையில் ஆளுநராக இருந்தபோது, பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் இன்னொன்று நடந்தது. மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த குடியேறிகளின் ஊர் அது. அங்கே நான்கு குவேக்கர்கள் உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் வைத்த வாதம் எளிமையானது. ஐரோப்பாவில் மனசாட்சிக்காக நம்மை ஒடுக்கினார்கள்; இங்கே கறுப்பு நிறத்துக்காக மனிதர்களை ஒடுக்குகிறோம்; நமக்கு எதைச் செய்யக் கூடாது என்கிறோமோ அதை நாம் அடுத்தவருக்குச் செய்யலாமா? ஆங்கிலேயக் காலனிகளில் அடிமைமுறையை எதிர்த்து ஒரு மதக் குழுவினர் எழுதிய முதல் மனு அதுதான்.

மனு என்ன ஆனது? மாதக் கூட்டம் இது பெரிய விஷயம் என்று மேலே அனுப்பியது. அடுத்த கூட்டம் அதற்கும் மேலே அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் ஓரமாக வைத்துவிட்டது. அடிமை வைத்திருப்பவர் நம் சங்கத்தில் இருக்க முடியாது என்று பிலடெல்பியா குவேக்கர்கள் முடிவெடுத்தது 1776இல். 88 ஆண்டுகள். நம் பஞ்சாயத்துகளில் சில மனுக்கள் படும்பாடு உங்களுக்கு நினைவு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் முடிவெடுத்தார்கள். உள்ளே நான்கு பேர் கேட்டதால், கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் பின்னாலும் வந்ததால் முடிவெடுத்தார்கள். விலகி வந்த எல்லோரும் இந்தப் பரீட்சையை எழுத வேண்டியிருக்கிறது. எனக்காகக் கேட்ட உரிமையை, எனக்குக் கீழே என்று நான் நினைப்பவனுக்கும் கொடுப்பேனா?

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

இங்கே பலர் வேறு மதத்துக்குப் போனார்கள். மரியாதை தேடிப் போனார்கள், படிப்பு தேடிப் போனார்கள். போனது சரி. படிப்பு கிடைத்தது, மருத்துவமனை கிடைத்தது, நிமிர்ந்து நடக்க ஓர் இடம் கிடைத்தது. ஆனால் சாதியும் பின்னாலேயே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது. திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பி, தலித் கிறித்துவர் பிணத்தை ஒரு பக்கமும் மற்றவர் பிணத்தை இன்னொரு பக்கமும் புதைத்தார்கள். அரசாங்கமும் தன் பங்குக்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்துவாக இருந்தால் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்துவரும் முஸ்லிமும் ஆன தலித்துகளுக்கு அந்த உரிமை இல்லை. தேவாலயத்தில் சாதி உண்டு, சான்றிதழில் சாதி இல்லை என்று இரண்டு பக்கமும் அடி.

அமெரிக்கா போனவர்கள் கதையும் இதுதான். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அண்ணல் கேட்கர் என்ற அறிஞரை எடுத்துக்காட்டி எச்சரித்தார்: இந்துக்கள் உலகமெல்லாம் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினை ஆகிவிடும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய வேண்டி வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் அப்படி ஒரு மசோதா நிறைவேறியும், அதை ஆளுநர் தடுத்துவிட்டார். விசா விண்ணப்பத்தில் சாதி என்று ஒரு கட்டம் இல்லை. பெட்டிக்குள் ஊறுகாயோடு சேர்த்து எடுத்துப் போகிறார்கள்.

கடைசியாக ஏரி. நான் இந்த ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், பாடு உள்ள வீட்டில் பிறந்தவள். அதனால் உரிமையோடு சொல்கிறேன். பாடு என்பது நல்ல ஏற்பாடு. இறால் ஓடும் துறைகளை முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று பிரித்துக்கொள்கிறோம். பணக்காரன் நல்ல துறையை வளைத்துப் போட முடியாது. ஏரியையும் அது காப்பாற்றியது. பியூரிட்டன்களின் ஊர்க்கூட்டத்தைவிடப் பழைய ஜனநாயகம் என்றுகூட நம் பெரியவர்கள் பெருமைப்படலாம்.

ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? அம்மன் கோயிலுக்குப் போகிற குப்பமும் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிற குப்பமும் உண்டு. கடவுள் மாறினாலும் பாடு பிறப்பைப் பார்த்துத்தான். தலைக்கட்டு ஆணின் பெயர்தான். ஏரியில் இறங்கிக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் அக்காவின் பெயர் அதில் இல்லை. வலை வாங்கி மீன்பிடிக்க வந்த தலித் குடும்பத்தின் பெயர் இல்லை. மீனைத் தலையில் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற என் அம்மா மாதிரிப் பெண்களின் பெயரும் இல்லை. உள்ளே சமத்துவம், வெளியே சுவர். மாசச்சூசெட்ஸ் பெரியவர்கள் செய்ததும் இதுதானே?

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நாம் எல்லோரும் தெருவில் நின்றோம். "ஏரி எங்கள் வாழ்வாதாரம், காசு உள்ளவன் எடுத்துக்கொள்ள இது யார் வீட்டுச் சொத்தும் இல்லை" என்று முழங்கினோம். நியாயமான முழக்கம். அதே முழக்கத்தை இருளர் மக்கள் நம்மைப் பார்த்துச் சொன்னால் என்ன பதில் சொல்வோம்? துறைமுக முதலாளியிடம் ஒரு நியாயம், பக்கத்துத் தெருவிடம் இன்னொரு நியாயம் என்றால், நாளை நமக்குத் துணை நிற்க யார் வருவார்கள்?

மேஃபிளவர் கப்பலில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். 41 ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெண்ணின் கையெழுத்தும் இல்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் மதம் மாறினார். லட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் அவரோடு எழுந்து நின்று 22 உறுதிமொழிகளைச் சொன்னார்கள். பழைய கடவுள்களைக் கும்பிட மாட்டேன் என்பதோடு அண்ணல் நிறுத்தவில்லை. மனிதர்கள் எல்லோரும் சமம் என்று நம்புகிறேன், சமத்துவத்தை நிலைநாட்டப் பாடுபடுவேன் என்றும் சொல்ல வைத்தார். வெளியேறுகிறவன் அடுத்தவனை எப்படி நடத்துவான் என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் அவர் கதவைத் திறந்தார்.

ஆகவே தம்பிகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மதம் மாறலாம், ஊர் மாறலாம். மூச்சு முட்டுகிற இடத்தில் யாரும் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சாதி தானாக உதிராது. போன இடத்தில் நாம் யாரைப் பந்தியில் சேர்க்கிறோம், யாரோடு சம்பந்தம் செய்கிறோம், யார் பெயரைச் சீட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது போகும்.

ஜெர்மன்டவுனில் நான்கு பேர் போதுமானவர்களாக இருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அடுத்த முறை பாட்டுக்குச் சீட்டுப் போடும் முன்பு, இருளர் குடும்பங்களையும் தலித் மீனவர்களையும் மீன் விற்கும் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள் என்று நம் பஞ்சாயத்துகளுக்கு ஒரு மனு எழுதுவோம். மேலே அனுப்புகிறோம் என்பார்கள், ஓரமாக வைப்பார்கள். மறுபடியும் எழுதுவோம். 88 ஆண்டுகள் காத்திருக்க ஏரியில் தண்ணீர் இருக்காது. மனுவின் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். கூட்டம் முடிந்ததும் தாள் இந்த மேசையில்தான் இருக்கும்.